வடக்கே ஓடிய நீரோட்டம்

போன மார்கழி மாதம் நடந்தது இது. விடாமல் பெய்த மழையில் மட்டக்களப்பு வாவி நிரம்பி, முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். வாவியின் நன்னீர் கடலில் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலாக எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. முகத்துவாரம் மூடிக்கொண்டால் அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டும். நானோ ஒரு பஸ்ஸுக்குக் காத்திருக்கவே பொறுமை இல்லாதவள்.

மூன்று மிதவைகளை நானே செய்திருந்தேன். காற்று இழுக்காமல் தண்ணீரோடு போவதற்காக அடியில் துணி கட்டி, மேலே ஒரு தடியில் கறுப்புக் கொடி, ஜி.பி.எஸ். கருவி, என் தொலைபேசி எண். கொடியைப் பார்த்ததும் நான் பேசி வைத்திருந்த படகோட்டி, "தங்கச்சி, இத வலைக்கொடி எண்டுதான் நினைப்பாங்க" என்றார். கடலில் வலை விடுகிறவர்கள் அடையாளத்துக்கு அப்படித்தான் கொடி வைப்பார்கள். அடுத்தவர் வலையை யாரும் தொடமாட்டார்கள், அதனால் நல்லதுதானே என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மிதவைகளைக் கடலில் விட்டுவிட்டுக் கரைக்கு வந்து, ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து தொலைபேசியில் அவற்றின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்பார்த்தபடி மூன்று புள்ளிகளும் மெதுவாகத் தெற்கே நகர்ந்தன. பிறகு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வட்டமடிக்கத் தொடங்கின. ஒரு மணித்தியாலம் அதே இடத்தில் சுற்றின. 'சுழி' என்று குறிப்பேட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். அடுத்து நடந்ததுதான் அதிசயம். மூன்றும் திரும்பி வடக்கே பறந்தன!

உடனே பேராசிரியரை அழைத்து, யாரும் அறியாத எதிர்நீரோட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக அரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப எங்க நிக்குது எண்டு பாருங்க" என்றார்.

பார்த்தேன். வடக்கே களுவன்கேணிக் கிராமத்தில் கரையேறி, ஒரு வீட்டு வளவுக்குள் நின்றது என் நீரோட்டம்.

அதற்குள் தெரியாத எண்ணிலிருந்து ஐந்து அழைப்புகள் வந்திருந்தன. திருப்பி எடுத்தேன். "தங்கச்சி, உங்கட வலை அறுந்து போச்சு. கொடி மூண்டும் என்னட்டக் கிடக்கு, பயப்படாம வாங்க" என்றது ஒரு குரல்.

சண்டை பிடிக்கிற முகத்தோடுதான் முச்சக்கர வண்டியில் போய் இறங்கினேன். மிதவைகள் மூன்றும் வேலியோரம் கழுவிச் சாத்தப்பட்டிருந்தன. என்னை அழைத்த மீனவர் அங்கே நின்றார்; நாற்பது வயது இருக்கும். அறுந்து மிதக்கிற கொடியைக் கண்டால் கரைக்குக் கொண்டுவந்து சொந்தக்காரரிடம் சேர்ப்பது அவர்கள் வழக்கமாம். "வலையையும் எடுத்திரலாம் எண்டுதான் ஒரு மணித்தியாலமாச் சுத்திச் சுத்தித் தேடினன். காணக் கிடைக்கல்ல, மன்னிச்சிருங்க" என்றார். தன் வலையை விடாமலே திரும்பியிருந்தார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கத்தோடு, வலையே இல்லை, தண்ணீர் போகிற பாதையைத்தான் பார்த்தேன் என்று ஒருவாறு சொல்லி முடித்ததும் அவர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவரும் சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன். சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள், அந்த மீனவரிடம் சொல்லியிருந்தபடி, கறுப்புக் கொடிக்குப் பதில் மஞ்சள் துணி கட்டினேன். அவர் விடியவே தெற்கிலுள்ள தோணிக்காரர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தார்: "மஞ்சள் கொடி கண்டா தொட்டிராதீங்க, அது படிக்கிற புள்ளட சாமான்." ஒருவரும் தொடவில்லை. மிதவைகள் தெற்கே செட்டிபாளையம் தாண்டியும் தங்கள் பாட்டில் போயின. முகத்துவாரம் மூடுவதற்குள் எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது.

முதல்நாள் பாதையை ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் அதை அச்செடுத்து என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். நான் சுழி என்று எழுதிய அந்த வட்டம், முகம் தெரியாத ஒருத்தியின் இல்லாத வலைக்காக ஒரு மனிதர் தன் பிழைப்பை விட்டுவிட்டுக் கடலில் சுற்றிய பாதை. இன்றைக்கும் அதைப் பார்க்கும்போது முதலில் சிரிப்பு வரும், பிறகு கண் கலங்கும்.