அமெரிக்கானாவின் பின்சீற்

வாகனத்துக்குப் பொட்டு வைத்து வேலையை இழக்கப் பார்த்தவன், இத்தாலியின் பலெர்மோ நகரில் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

நகரின் பிரான்காச்சோப் பகுதியில் ஒரு கராஜில் பதினெட்டு வருடமாக வாகனங்களுக்குச் சீற் தைக்கிறேன். முழங்கால் சொல்வழி கேட்பதில்லை என்பதால் இப்போது காலையில் மட்டும் போய் வருகிறேன். இங்குள்ள எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். ஊசி பிடிப்பதை மெஷினே கற்றுக்கொடுத்துவிடும். அது கற்றுக்கொடுக்காத ஒன்றை எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

1. பெற்றோல் மூடியைக் காணவில்லை

அந்தக் கார் ஒரு புதன்கிழமை வந்தது. அமெரிக்காவின் பெரிய பணக்காரர்கள் ஓட்டித்திரிந்த கார்களைச் செய்த கொம்பனியின் கார். கொம்பனியின் பெயரை எழுதவில்லை, காரின் உரிமையாளர் விரும்ப மாட்டார். கராஜில் எல்லோரும் அதை ‘அமெரிக்கானா’ என்றே அழைத்தோம். பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டை, முன்பக்கம் முழுக்க நிக்கல், உள்ளே வெள்ளைத் தோல் சீற். கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை, பொத்தென்று ஒரு மூச்சு மட்டும் விடும். எங்கள் கராஜின் வாசலில் அதன் மூக்கு உள்ளே வந்த பிறகும் வால் தெருவில் நின்றது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ணில் இருந்து கையை எடுக்கவில்லை.

முதலாளி மாஸ்த்ரோ நீனோ என்னிடம் பெற்றோல் அடித்துக்கொண்டு வரச் சொன்னார். நிலையத்தில் மூடியைத் தேடினேன். இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை, இலக்கத் தகட்டின் பின்னாலும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் கராஜுக்குப் போன் எடுத்தேன். அங்கே நின்ற கார் உரிமையாளரே பதில் சொன்னார். இடப்பக்கத்துச் சிவப்பு விளக்கை மேலே தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன். விளக்குக்குக் கீழே மூடி இருந்தது.

உரிமையாளரின் பெயர் தொன் மிம்மோ. எண்பத்திரண்டு வயது, நகரின் ஒரேத்தோப் பகுதியில் வீடு. அமெரிக்காவில் அந்தக் கொம்பனியின் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, அங்கேயே பழைய கார் ஒன்றை வாங்கி, ஓய்வு பெற்றபோது அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர். அன்றிலிருந்து அயலவர்களோடு சண்டைதான், ஏனென்றால் அது இரண்டு வாகனத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கபோச் சந்தைப் பக்கம் ஒருமுறை திருப்பப் போய், மரக்கறிக்காரர்கள் பெட்டிகளைத் தூக்கி வழிவிட வேண்டியதாயிற்றாம். ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்கு அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டுவிட்டு நாலு மாதம் காத்திருந்தாராம். இதையெல்லாம் குறையாக அவர் சொல்லவில்லை, பிள்ளையின் குழப்படியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு அவரோடு கதைப்பது பிடித்துப்போயிற்று. கார் நின்ற நாளெல்லாம் கராஜுக்கு வந்து, இடக்கையால் கோப்பியைக் கலக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். கைப்பிடி சுற்றாமல் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பிய கார்களை முதலில் விற்றது தங்கள் கொம்பனிதான் என்பார். இன்னொரு கதையும் சொன்னார். ஆதியில் மூன்று கார்களைக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் குவித்துக் கலந்துவிட்டார்களாம். பிறகு அரத்தால் ஒரு இடம்கூடத் தேய்க்காமல் மூன்றையும் பூட்டி ஓட்டிக் காட்டினார்களாம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். எங்கள் கராஜில் ஒரே காரில் கழற்றிய ஆணியே திரும்ப அதே ஓட்டைக்குள் போகாது.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று, வெள்ளை சீற்றைத் தட்டிக்கொண்டு சொல்வது: “இது என்ரை கையாலை தைச்சது.” தொழிற்சாலையில் தையல் பகுதித் தலைவராக இருந்தபோது இந்தக் காருக்குத் தானே தைத்ததாகவும், பிறகு அதே காரைத் தேடிப் பிடித்து வாங்கியதாகவும் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தெருமுனைக் கோப்பிப் பாரில் அதைக் கேட்டுச் சிலர் கண்ணடிப்பார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பழைய வாகனச் சங்கத்தின் பரிசோதகர் வருவதாக இருந்தது. எல்லாம் தொழிற்சாலையில் செய்தபடியே இருந்தால் மேல்தரத் தகடு கிடைக்கும். தொன் மிம்மோவுக்கு அந்தத் தகடு வேண்டும். அதைக் காரில் பூட்டிக்கொண்டு பாருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். சீற்றைத் துப்புரவாக்கி, விட்டுப்போன தையல்களைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

2. பொட்டு

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்த பிறகு கத்தரிக்கோல், வளைந்த ஊசிகள், சுத்தியல், மெஷின் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பேன். மாஸ்த்ரோவுக்கு அது பழகிவிட்டது. அவல் கடலைக்காக ஐந்து நிமிடம் பிந்தித்தான் வீட்டுக்குப் போவார்.

அந்த வருடம் எனக்கு ஒரு ஆசை வந்தது. இப்படி ஒரு வாகனத்தில் நான் இனிக் கைவைக்கப் போவதில்லை, அதற்கும் ஒரு பொட்டு வைத்தால் என்ன? பெயின்டில் வைத்தால் மாஸ்த்ரோ கொன்றுவிடுவார். ஆகவே பின்சீற்றின் கீழ் விளிம்பில், குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், ஈரச் சந்தனத்தைத் தொட்டு நடுவில் குங்குமத்தை வைத்தேன். கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை துடைத்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. சந்தனத்தின் ஈரத்தில் சாயம் கசிந்து தோலுக்குள் இறங்கியிருந்தது. புத்தியுள்ளவன் செய்யாததை அடுத்துச் செய்தேன். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு சதக் காசு அளவு இருந்த பொட்டு உள்ளங்கை அளவு ரோஸ் நிறமாயிற்று.

மாஸ்த்ரோ குனிந்து பார்த்தார்.

“இதென்ன, ரத்தமோ?”

“இல்லை மாஸ்த்ரோ. ஆசீர்வாதம்.”

“செவ்வாய்க்கிழமைக்கு முன்னம் உன்ரை ஆசீர்வாதத்தை இதிலையிருந்து எடு. இல்லையெண்டால் நீ இஞ்சை வரத் தேவையில்லை.”

வீட்டுக்குப் போன் எடுத்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன். சொந்தக் கத்தரிக்கோல் இருக்க ஊரான் சாமானுக்கு ஏன் பொட்டு என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நியாயமான கேள்வி.

3. உள்ளே இருந்தது

தோலில் கறை பிடித்தால் ஒரு வழி இருக்கிறது. தைப்பவர்கள் சீற்றின் அடியில் மடித்துப் பூட்டுவதற்காகக் கொஞ்சத் தோலை மிச்சம் விடுவார்கள். அதிலிருந்து வெட்டிக் கறைபிடித்த துண்டுக்குப் பதிலாக வைத்தால், நிறமும் வயதும் ஒன்றாகவே இருக்கும். அதற்கு உறையைக் கழற்ற வேண்டும். பின்சீற்றை வெளியே எடுத்து மேசையில் கவிழ்த்துக் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

மூன்றாவது வளையத்தில் நீல நூல் சிக்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. சரிகை ஓடிய பழைய நீலத் துணியின் பிசிர்கள். அப்படியானால் தொழிற்சாலையில் இருந்து இந்தக் கார் நீலத்துணிச் சீற்றோடுதான் வெளியே வந்திருக்கிறது. வெள்ளைத் தோல் பிறகு போட்டது.

உறையைப் புரட்டினேன். வெளியே பார்த்தால் நீளமான மடிப்புகள், ஒரே தோலில் எடுத்ததுபோல. உள்ளே பார்த்தால் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனித் துண்டு. சில துண்டுகள் நடுவிலும் பொருத்தப்பட்டிருந்தன. ஒரு ஆள் இருக்கிற இடத்தில் மட்டும் நாற்பத்தொரு துண்டு எண்ணினேன். தோலின் மறுபக்கத்தில் ஒன்று மஞ்சள், ஒன்று சாம்பல், ஒவ்வொன்றும் வேறு வேறு மாட்டின் தோல். பொருத்துகள் எல்லாம் மடிப்பின் பள்ளத்துக்குள் மறைந்திருந்தன. அத்தனையும் கைத்தையல். என் தையலை விட நன்றாக இருந்தது என்று எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் இருந்தது. தையல்கள் எல்லாம் என் தையலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கைக்காரர் தைத்தால்தான் அப்படிச் சாயும்.

மத்தியானம் தொன் மிம்மோ வந்தார். குங்குமத்தைப் பற்றி முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மேசையில் பிரிந்து கிடந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்கில் உட்கார்ந்தார்.

“கண்டிட்டீர்,” என்றார்.

“ஓம். இது பக்டரித் தையல் இல்லை.”

“பக்டரியிலை நான் ஊசி தொட்டதேயில்லை. தையல் பகுதியிலை கூட்டினனான். இருபத்தாறு வருசமும் கூட்டினனான்.”

மெஷின்களுக்குக் கீழே விழுகிற தோல் துண்டுகளைக் கூட்டி அள்ளுவது அவருடைய வேலை. குப்பைக்குப் போகிற துண்டுகளில் வெள்ளையை மட்டும் எடுத்துச் செல்ல மேலாளர் ஒருவர் விட்டிருக்கிறார். கூட்டிக்கொண்டே தைப்பவர்களின் கைகளைப் பார்த்திருக்கிறார். கார் வாங்கியபோது பின்னால் நீலத்துணி கிழிந்து தொங்கியதாம். வீட்டில், சமையல் மேசையில், மூன்று குளிர்காலம் தைத்தாராம். பிறகு ஊருக்கு வந்தபோது யாரோ துறைமுகத்தில் அமெரிக்காவில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்கள். சீற்றைக் காட்டி, தைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்குக் கால், கை எல்லாம் முளைத்துவிட்டது.

“அந்தக் காரிலையிருந்து இறங்கி, கூட்டினனான் எண்டு ஆர் சொல்லுவினம்?” என்று கேட்டார்.

பலெர்மோவுக்கு வந்த முதல் ஆறு வருடம் ஒரேத்தோவில் மாடிப்படிகள் கழுவினேன். யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதங்களில் ‘கொம்பனியில் வேலை’ என்று இருக்கும். அவருக்காக எனக்குத் துக்கமாக இருந்தது. எனக்காக வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை அடித்தோலில் வெட்டிப் புதுத் துண்டு வைத்தோம். அவர் துண்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய சாய்வுக்கு ஏற்றபடி எதிர்ப்பக்கமாகத் தைத்தேன். ஒருமுறை, “இன்னும் இறுக்கும்,” என்றார். இறுக்கினேன். மாஸ்த்ரோ வந்து பார்த்தார், எங்கே கறை இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. என் வேலை தப்பிற்று. தொன் மிம்மோவைக் கேட்டுவிட்டு, உள்ளே என்ன கண்டேன் என்பதை மாஸ்த்ரோவிடமும் சொன்னேன். பரிசோதகருக்கு முன்னால் வாயைத் திறக்க வேண்டாம் என்றார். தைத்த விதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அந்த ஆளுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

4. செவ்வாய்க்கிழமை

பரிசோதகர் கட்டானியாவில் இருந்து வந்த மெல்லிய மனிதர், கையில் விளக்கும் பூதக்கண்ணாடியும். இயந்திர இலக்கம், கண்ணாடிகள், எதிரே வாகனம் வந்தால் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும் மின்கண் எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில் பின்சீற்றில் ஏறியிருந்து மடிப்புகளை விரலால் தடவினார். நான் என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். தொன் மிம்மோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

“வேலையெண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்,” என்றார் பரிசோதகர். “அந்தக் காலத்திலை அந்தப் பக்டரியாலை மட்டும்தான் இப்பிடித் தைக்க முடிஞ்சது.”

படிவத்தைத் திறந்து, ‘தொழிற்சாலை’ என்று இருந்த கட்டத்துக்கு நேரே பேனையைக் கொண்டுபோனார். மாஸ்த்ரோ என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு கீறல்தான் மிச்சம், தகடு கைக்கு வந்துவிடும்.

“அதை எழுதாதையுங்கோ,” என்றார் தொன் மிம்மோ.

பரிசோதகர் நிமிர்ந்தார்.

“பக்டரி தைச்சதில்லை. நான் தைச்சது. நான் அங்கை தரை கூட்டினனான். தோல் குப்பையிலை எடுத்தது. வேணுமெண்டால் இவர் திறந்து காட்டுவார்.”

பரிசோதகர் சொன்னார், அப்படியென்றால் மேல்தரம் கொடுக்க முடியாது, இரண்டாம் தரம்தான் எழுதலாம். அதற்குத் தகடு இல்லை, ஒரு கடதாசி மட்டும். தெரியும் என்றார் தொன் மிம்மோ. நான் உறையின் ஒரு மூலையைத் திறந்து காட்டினேன். பரிசோதகர் விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தத் துண்டுகளை வெகுநேரம் பார்த்தார். ‘தொழிற்சாலை’க் கட்டத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, கீழே இருந்த வெற்று வரியில் பேனையை வைத்து, தைத்தவரின் பெயர் என்ன என்று கேட்டார். தொன் மிம்மோ தன் முழுப்பெயரையும், தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். எழுத்துப் பிழை வரக்கூடாது என்று இரண்டாம் தரமும் சொன்னார்.

அந்தக் கடதாசியைத்தான் அவர் பாருக்குக் கொண்டுபோய்க் காட்டினாராம். முதலில் கூட்டியதைச் சொன்னாராம், பிறகு தைத்ததைச் சொன்னாராம். அன்று யாரும் கண்ணடிக்கவில்லை என்று மாஸ்த்ரோ வந்து சொன்னார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சீற்றைத் திறந்தால் அதற்கு முன் யார் தைத்தது என்று பாருங்கள். அந்த ஆள் உயிரோடு இருந்தால் கண்டதை முதலில் அவரிடம் சொல்லுங்கள், மற்றவர்களிடம் சொல்வதா இல்லையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அந்தக் கிழமை நானும் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து, முதல் ஆறு வருடமும் மாடிப்படி கழுவினேன் என்று சொன்னேன். தனக்கு அது எப்போதோ தெரியும் என்றான்.