நூற்று ஆறு கிலோவுக்கு எந்த கியர்?

போன மாதம் ஜெலுத்தோங்கில் ஒரு சைக்கிள் கடையில் என் மானம் கப்பலேறியது.

பந்தய சைக்கிள் கியர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். இருபத்தைந்து வயதில் ஓட்டியது அதுதானே! கடைக்காரர் காசிம் அண்ணே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, அப்ப எத்தனை கிலோ?"

"அறுபத்திரண்டு."

"இப்ப?"

சொன்னேன். நூற்று ஆறு.

"முன்னுக்கு சின்னப் பல்சக்கரம், பின்னுக்கு பெரிய பல்சக்கரம் போட்டுக்குங்க. மெதுவா போகும், ஆனா மலை ஏறும் லா. அந்தப் பழைய கியரு உங்க முட்டிய உடைச்சிடும்."

கேட்டேனா? வீம்பு! பந்தய கியர் போட்ட சைக்கிளையே வாங்கினேன்.

இந்த வயதில் எதற்கு சைக்கிள் என்கிறீர்களா? என் மனைவி மாலாவுக்காக. கல்யாணமான புதிதில் ஞாயிறு தவறாமல் இருவரும் சைக்கிளில் ஆயர் ஈத்தாம் மலை அணைக்கட்டு வரை ஏறுவோம். பிறகு வேலை, பிள்ளைகள், தொப்பை... நான் நிறுத்திவிட்டேன். அவள் நிறுத்தவில்லை.

பத்தொன்பது வருடமாக ஞாயிறு காலை அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கும். நான் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது முதல் வளைவு... இப்போது மேலே... என்று கூடவே போவேன். அவள் பக்கத்தில் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சொன்னால் சிரிப்பாளோ என்று வாயே திறந்ததில்லை.

அவள் வேலைக்குப் போன ஒரு நாள், புது சைக்கிளோடு ரகசியமாகக் கிளம்பினேன். மூன்றாவது வளைவில் முட்டி கெஞ்சியது. தள்ளிக்கொண்டே இறங்கி, நேரே காசிம் அண்ணேயிடம் போனேன்.

"மாத்திடுங்கண்ணே."

"போலே, மாத்திடலாம்," என்றார். குத்திக்காட்டி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் அதிகம் வலித்தது.

போன சனிக்கிழமை, மாலா பசாருக்குக் காய்கறி வாங்கப் போனதும் மறுபடி புறப்பட்டேன். கால்கள் சுற்றுகின்றன, சுற்றுகின்றன... சைக்கிள் நகர்கிறதா என்றே சந்தேகம். நடைப்பயிற்சிக்கு வந்த சீன அக்கா ஒருவர் என்னைத் தாண்டிப் போனார்! போகட்டும். மூன்றாவது வளைவு பின்னால் போய்விட்டது. முட்டி மூச்சு விடவில்லை.

மேலே... அதே தண்ணீர், அதே காற்று. மூச்சிரைக்க மாலாவுக்குப் போன் போட்டேன்.

"அணைக்கட்டுல இருக்கேன். சைக்கிள்ல வந்தேன்."

"அங்கேயே இருங்க. வர்றேன்."

"காடி ஓட்டிக்கிட்டா?"

"சைக்கிள்லதான். நான் அங்க தனியா நின்னு, நீங்க வருவீங்களான்னு எத்தனை ஞாயிறு கீழ பார்த்திருக்கேன் தெரியுமா? இன்னைக்கு நீங்க நின்னு பாருங்க."

ஒரு மணி நேரம்... சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.