ஏலத்துக்கு முன்னால் ஒரு மூட்டை

பெரியம்மாவை நினைத்தால், வைத்திக்குப்பம் மணலில் மீன் குவியலுக்கு முன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காலைதான் ஞாபகம் வருகிறது. அந்த வாய் சும்மா இருந்து அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. கரையில் ஏலம் விடுபவர் அவர்தான். அவர் விலை கூறத் தொடங்கினால்தான் எந்தப் படகின் மீனும் விற்கும்.

சிப்பி, நண்டுக்குஞ்சு என்று வலையில் ஏறும் வேண்டாததையெல்லாம் கடலிலேயே உதறிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் ஏறத் தொடங்கியபோது, அதே கையோடு அவற்றையும் உதறினார்கள். உதறிய குப்பை மறுநாள் மறுபடி வலையில் ஏறியது. மீன் வாங்கும் பெண்களைக் கூட்டிப் பேசினார் பெரியம்மா. வலையில் வந்த குப்பையை மூட்டை கட்டிக் கொண்டுவராத படகுக்கு ஏலம் கிடையாது என்று முடிவாயிற்று. ஆண்கள் சிரித்தார்கள்.

முதல் நாளே மூட்டை இல்லாமல் வந்து நின்றது பெரியப்பாவின் படகு.

"மூட்டை எங்க?" என்றார் பெரியம்மா.

"மறந்துட்டேன்."

"அப்ப எனக்கும் வெல மறந்துபோச்சி."

வேலைக்குப் போகிற வழியில் மீன் வாங்க நின்ற எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அத்தனை சங்கரா மீனும் கருவாட்டுக்குத்தான் ஆகும். அவர்கள் வீட்டு அடுப்பும் அந்த மீனை நம்பித்தான் இருந்தது. பெரியப்பா கரையோரமாக நடந்து ஒரு சாக்கை நிரப்பிக்கொண்டு வந்தார். பெண்கள் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள்.

"டீக்கட கப்பெல்லாம் வலையில மாட்டுச்சா மாமா? இது கரைக் குப்ப. கடல் குப்பய கொண்டாங்க" என்றாள் ஒருத்தி.

பெரியப்பா படகைத் திரும்பத் தள்ளினார். உதறிய இடத்தைத் தேடிப்போய், மிதந்துகொண்டிருந்ததை அள்ளி வந்தார். அவர் மூட்டையை இறக்குவதற்குள் பெரியம்மா எழுந்து விலை கூறிவிட்டார். அன்று ஒருத்தியும் பேரம் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அந்தக் கரையில் குப்பை மூட்டை இறங்கிய பிறகுதான் மீன் கூடை இறங்குகிறது. போன மாதம் போயிருந்தபோது அந்த நாளைச் சொல்லி, "கல்நெஞ்சு பெரியம்மா உனக்கு" என்று சீண்டினேன்.

"நீ வேற. அவரு இன்னும் கொஞ்ச நேரம் அங்கியே நின்னுருந்தா, மூட்டையாவது ஒண்ணாவதுன்னு நானே ஏலம் உட்டுருப்பேன்."

வலை தைத்துக்கொண்டிருந்த பெரியப்பா ஊசியை நிறுத்தினார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னா?"