அணியம் தூக்கிய ஜீப்

நாலைந்து மழைக்காலத்துக்கு முன்னால் நடந்தது இது. ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவே, கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் வரும் மண்பாதை, ஐப்பசி பிறந்தால் தண்ணீருக்குள் போய்விடும். ஆட்டோக்காரர்கள் எங்கள் நம்பரைப் பார்த்தாலே போனை எடுக்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் என் வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் இரண்டு தடவை ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தடவை தவறினாலும் கால் வீங்கி மூச்சு முட்டும். முந்தைய வருஷ மழையில் வாப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடந்தார்கள். காலமெல்லாம் கடலில் படகு ஓட்டிய மனுஷன், முழங்கால் தண்ணீரைத் தாண்ட அடுத்தவர் தோளை நம்பி உட்கார்ந்திருந்தார். யாரோ அதை வீடியோ எடுத்து அனுப்ப, குவைத்தில் இருந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

அடுத்த லீவுக்கு வரும்போதே ஒரு முடிவோடு வந்தார். எங்கள் வீட்டில் பழைய ஜீப் ஒன்று உண்டு. வாப்பா தொழில் பண்ணிய காலத்தில் கரையிலிருந்து மீன் பெட்டி ஏற்றி வந்த வண்டி. வாப்பாவுக்கு முடியாமல் போனபிறகு அதை ஓட்டுவது நான்தான். ஊரில் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு அவர்களே சிலிண்டர் எடுக்கணும், மருந்து வாங்கணும் என்று வாசலில் வந்து நின்றார்கள். அந்த ஜீப்பை உயர்த்திவிட்டால் எந்தத் தண்ணீரிலும் இறங்கலாம் என்பது இவர் யோசனை. லீவு முடிந்து அவர் போய்விட்டால் வாப்பாவை நான் தனியாகத்தான் கூட்டிப் போக வேண்டும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே படகு எஞ்சின் வேலை. வாப்பாவோ முழுக் கடல்காரர். இரண்டு பேரும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? பூவரச மர நிழலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வாப்பா அந்த ஜீப்பைப் படகாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"மாப்புள்ள, அணியத்த இன்னுங் கொஞ்சம் தூக்குங்க. தண்ணிக்குள்ள மூக்கு குத்தக் கூடாது" என்பார்.

படகின் முன்பக்கத்தைத்தான் எங்கள் பக்கம் அணியம் என்போம். அலையில் ஏறிக் கடக்க அது நிமிர்ந்து நிற்க வேண்டும். மாமனார் சொல்ல, மருமகன் தலையாட்ட, முன்பக்கத்தில் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டையை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புக் காதுகள் கழன்றன. ராமநாதபுரத்தில் அடித்து வாங்கிய நீளமான காதுகள் ஏறின. பின்பக்கத்துக்குக் கூடுதலாகக் கொஞ்சம் பட்டை. பெரிய டயர் வேறு. வேலை முடிந்தபோது ஜீப் மூக்கைத் தூக்கிக்கொண்டு, இப்போதே கடலுக்குள் இறங்கப் போகிற மாதிரி நின்றது. இரண்டு பேர் முகத்திலும் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது, வாப்பாவால் அதில் ஏறவே முடியாது என்று. யாருக்காக உயர்த்தினார்களோ அவருக்கே கால் எட்டவில்லை. எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் அடக்கினேன். கடைசியில் பழைய மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி உள்ளே போனார் வாப்பா. அன்றிலிருந்து அந்தப் பெட்டியும் எங்களோடு பயணம்.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே என் கைக்கு அது பிடிக்கவில்லை.

"மச்சான், ஸ்டீயரிங்கு ஒரு மாதிரியா இருக்கு. திருப்புனா திருப்புன இடத்துலயே நிக்குது" என்றேன்.

"ஒசரம் கூடிருக்குல்ல, அதான் ஒனக்குப் பயம். ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்றார்.

பழகிருமாம். வருஷக் கணக்காக அந்த ஜீப்போடு மல்லுக்கட்டுகிறவள் நான், லீவுக்கு லீவு வந்து பார்க்கிறவர் அவர். வார்த்தை வாய் வரை வந்தது. வாப்பா முன்னால் வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நாளிலேயே பெருமழை பிடித்தது. விடிந்தால் ஆஸ்பத்திரி முறை. பாதை இருக்கும் இடமே தெரியவில்லை. ஜீப் இறங்கியது, நிதானமாக நடந்தது, அந்தப் பக்கம் ஏறியது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பின் சீட்டிலிருந்து வாப்பா, "மாஷா அல்லாஹ், மாப்புள்ள" என்றார். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷம் உப்பளம் வரைக்கும்தான். தார் ரோட்டில் வேகம் எடுத்ததும் கடல்காற்று பக்கவாட்டில் அடித்தது. ஜீப் நேராக நிற்கவில்லை. இடது பக்கம் போகிறதே என்று இழுத்தால் வலது பக்கம் ஓடியது. உப்பளத்து வளைவில் திருப்பினேன். வளைவு முடிந்து கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேராக வேண்டும். வரவில்லை. திருப்பியபடியே நின்றது. சுதாரித்து இழுப்பதற்குள் முன்சக்கரம் ரோட்டோரக் குழியில் விழுந்து, ஜீப் கீழே இறங்கி, உப்புப் பாத்தி வரப்பில் இடித்துச் சாய்ந்து நின்றது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் பாத்திக்குள் கவிழ்ந்திருப்போம்.

யா அல்லாஹ் என்று திரும்பிப் பார்த்தேன். வாப்பா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் கையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"சுக்கான் செத்துப் போச்சேம்மா" என்றார். படகைத் திருப்பும் சுக்கான்தான் அவருக்கு ஸ்டீயரிங்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "நான் சொன்னப்ப பயம்னீங்க" என்றேன். அவர் இறங்கிப் போய் முன்சக்கரத்தடியில் குனிந்தார்.

உப்பள வேலைக்காரர்கள் ஓடி வந்து தள்ளிவிட்டார்கள். மீதி தூரத்தை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். நேரமாகிவிட்டது என்று நர்ஸம்மா சத்தம் போட்டாலும், வாப்பாவுக்கு மெஷின் கிடைத்துவிட்டது.

வாப்பா உள்ளே இருந்த நேரம் முழுக்க இவர் ஜீப்புக்கு அடியிலேயே கிடந்தார். டீ வாங்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். வலை நூலில் ஒரு நட்டைக் கட்டி, தூக்குக்குண்டு மாதிரி முன்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன பாரு புள்ள. சைக்கிள்ல முன் ஃபோர்க்கு பின்னால சாஞ்சுதான இருக்கு? அதனாலதான் கைய விட்டாலும் நேராப் போகுது. இதுவும் அப்டிச் சாஞ்சிருக்கணும். நான் காத நீட்டுனதுல ஆக்சிலே உருண்டு, முன்னால கவுந்திருச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "படகு மாதிரி நெனச்சுட்டோம். இதுல ஒண்ணத் தொட்டா எல்லாம் அசையுது" என்றார்.

பிறகு, அடியிலிருந்து வெளியே வராமலே, "ஒங் கை சரியாத்தான் சொல்லிருக்கு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. டீயைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நானும் அங்கேயே உட்கார்ந்தேன்.

மீதி லீவு பூராவும் ஜீப்புக்கு அடியில்தான். முன்பக்க உயரத்தைக் கொஞ்சம் குறைத்தார். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சரிவான இரும்பு ஆப்பு வைத்து, ஆக்சிலைப் பின்னுக்குச் சாய்த்தார். ஆப்பு கூடிப்போனால் கியர் பெட்டியிலிருந்து முன் ஆக்சிலுக்கு வரும் தண்டு கோணிக்கொண்டு உர்ரென்று கத்தியது. குறைந்தால் ஸ்டீயரிங் அலைந்தது. வலை நூலைப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தபோது, பின் ஆக்சில் ஒரு பக்கம் விரல்கடை பின்னால் போயிருந்ததும் தெரிந்தது. ஜீப் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்ததற்கு அதுவும் காரணம். அதை நேராக்கினார். உயரம் கூடியதால் எட்டாமல் விறைத்து நின்ற பிரேக் ஹோஸ் குழாயையும் மாற்றினார்.

ஒவ்வொரு தடவை மாற்றியதும் சாவியை என்னிடம்தான் தருவார். உப்பளம் வரை போய்த் திரும்புவேன். கிரீஸ் கையோடு வாசலில் நின்று, "கைக்கு எப்படி இருக்கு?" என்பார். "இன்னும் வலது பக்கம் ஓடுது" என்பேன். மறுபடியும் போய்ப் படுப்பார். நாற்காலியிலிருந்து வாப்பா, "மாப்புள்ள, இனி நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். அவ சொல்றதக் கேளுங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். என் உம்மா சுடச்சுட இறால் வாடா பொரித்துக் கொண்டுவருவார். கிரீஸ் கையில் இவருக்குத் தின்ன முடியாது, நான்தான் ஊட்ட வேண்டும். வாப்பா அப்போது மட்டும் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள், அதே வளைவில் கையைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் தானாகச் சுழன்று நேராக வந்தது. வீட்டுக்கு வந்து, "இப்பச் சரி மச்சான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குழாயடிக்குப் போய்க் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார்.

அந்த மழையில் வாப்பாவுக்கு ஒரு முறைகூட டயாலிசிஸ் தவறவில்லை. அடுத்த மழையிலும் தவறவில்லை. அதற்குப் பிறகு வந்த கோடையில், தன் வீட்டில், தன் கட்டிலில் மௌத்தானார்.

இப்போது ராமநாதபுரம் போகிற வேலை அதிகமில்லை. ஜீப் பூவரச மரத்தடியில் நிற்கிறது, பின்னால் அந்த மீன் பெட்டியும் இருக்கிறது. இவர் இன்னும் குவைத்தில்தான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து போன் பண்ணினால், "கைக்கு எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். முன்பெல்லாம் ஜீப்பைத்தான் கேட்கிறார் என்று டயரையும் பிரேக்கையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். வாப்பாவை அடக்கம் பண்ணிய அந்த வாரமும் அவர் அதையே கேட்டார். அது ஜீப்பைப் பற்றிய கேள்வி இல்லை, என்னைப் பற்றியது. வாப்பா இல்லாத வீட்டைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போக, அவர் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், நம் கைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டு, நாம் சொல்வதை நம்பவும் ஒருவர் இருந்தால், பக்கத்து சீட் ஒருநாளும் காலியாக இருப்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் நான் உணர்ந்தேன்.