வரைந்தவர்: ஜே. கே.

டெஸ்மன், நியூசிலாந்தின் கிளென் ஈடனில் குடியிருக்கும் மன்னார்க்காரர். கொழும்பில் அவர் பெற்ற கட்டடக்கலைப் பட்டம் ஆக்லாந்தில் செல்லவில்லை. ஆகவே பதினெட்டு ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் அவர் வரைகிறார். பட்டம் செல்லுபடியானவர்கள் கையெழுத்திடுகிறார்கள்.

பழைய ரயில் நிலையமொன்றைப் பழுதுபார்க்கும் வேலை சென்ற மாதம் வந்தது. அதைக் கட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞரைப் பற்றி, அங்கே வைக்கும் பலகைக்கு டெஸ்மன் குறிப்பு எழுத வேண்டும்.

முதல் நாளே குழப்பம். அந்தப் பெரிய மனிதர் பதினான்கு நிலையங்கள் கட்டியவராம். ஆனால் ஐந்து நிலையங்கள் வரையப்பட்ட ஆண்டில் அவர் லண்டனில் இருந்திருக்கிறார். பதினான்கு படங்களிலும் கோடுகள் ஒரே கையின் வேலை. மூலையில் பொடி எழுத்தில் 'ஜே. கே.'

ரயில்வேயின் பழைய ஊழியர் பதிவேட்டை இரண்டு மாலை துழாவினார். கே-யில் தொடங்கும் சொந்தப் பெயர் ஒன்றே ஒன்று: கென்னத், கரி அள்ளியவர்.

"ஏன் கே-யிலையே தேடுறீங்கள்?" என்றார் மனைவி இவோன்.

"முதல் எழுத்து தகப்பன்ர. ரெண்டாவதுதானே ஆளின்ர பேர்."

"அது எங்கட ஆக்களுக்கு! வெள்ளையளுக்கு மாறியெல்லோ, முதல் எழுத்துத்தானே ஆளின்ர? குடும்பப் பேரெண்டு, கருவாடு வித்த உங்கட அப்பாவின்ர பேர் பதினெட்டு வரிசமா உங்கட படங்களிலை கிடக்கு. இன்னும் விளங்கேல்லையே?"

"ஸோ எம்பரஸிங், அப்பா," என்றாள் மகள் ஜனுஷா.

ஜே-யில் தேடினார். ஜோசையா கிம்பர், வரைபட எழுத்தர், இருபத்திரண்டு ஆண்டுகள். பதவி உயர்வு: இல்லை.

மேலாளர் ராகேஷ் தலையைச் சொறிந்தார். "எதுக்கு சார் வம்பு? கையெழுத்து போட்டவர் பேரே போதுமே."

போதுமா? கையெழுத்திட்டவர்தான் கட்டியவர் என்று எந்த நியாயம் சொல்கிறது? ஆனால் லண்டனிலிருந்து அவர் கடிதத்தில் யோசனை சொல்லியிருந்தால்? அதற்கும் சான்றில்லை, இதற்கும் சான்றில்லை. கடைசியில், டெஸ்மன் தெரிந்ததை மட்டும் எழுதினார்: 'ஒப்பமிட்டவர் தலைமைக் கலைஞர். வரைந்தவர் ஜோசையா கிம்பர். யோசனை யாருடையது என்று தெரியவில்லை.'

"கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க சார், மத்தது இருக்கட்டும்," என்றார் ராகேஷ்.

"எடுக்கேலாது. அதுதான் உண்மை."

ராகேஷ் பெருமூச்சு விட்டார். "சரி, அனுப்புங்க."

தாளின் அடியில், எழுதியவர் பெயராகக் கணினி வழக்கம்போல் 'டி. சோதிலிங்கம்' என்று போட்டிருந்தது. அப்பா சோதிலிங்கம் ஒரு கோடும் கிழித்தவரல்லர். டெஸ்மன் அதை அழித்து 'சோ. டெஸ்மன்' என்று எழுதினார். நூறாண்டு கழித்துத் தேடுபவர் எந்த எழுத்தில் தேடுவார்? விளங்கவில்லை. அனுப்பிவிட்டார்.