சட்டையைப் பிழிந்து காயப்போட்டவர்

போருக்குப் போய்த் திரும்பிய ஒருவனைப் பற்றி நாவல் எழுதி முடித்ததும், முதலில் என் அக்கா வீட்டுக்காரரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். அத்தான் பட்டாளத்தில் இருந்தவர். எல்லை மலையில் நடந்த சண்டையில் நின்றவர். இப்போது பரளச்சியில் மிளகாய் போடுகிறார். சண்டையைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு வாரம் கழித்து அருப்புக்கோட்டையில் பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அத்தான் காகிதக் கட்டை என்னிடம் நீட்டினார்.

"நல்லாத்தேன் எழுதியிருக்க மாப்ள. ஆனா ஓன் ஆளு நாடகத்துல வாரவன் மாதிரி இருக்கான். வெடிச்சத்தம் கேட்டா கட்டிலுக்கடியில ஒளியுறான், குடிச்சுட்டுப் பொண்டாட்டிய அடிக்கிறான். எனக்கு நம்பிக்கை வரல."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப எப்படித்தான் மாறுவாக அத்தான்?"

அவர் அக்காவைப் பார்த்தார். "நான் சொல்லவா?" என்றாள் அவள். தலையசைத்தார்.

"பாப்பாவ ஊருணியில இருந்து தூக்குனது இவுகதான. நெனப்பிருக்கா?"

எப்படி மறக்கும்? அவர் சண்டை முடிந்து வந்த வருஷத்து மழைக்காலம். ஊருணியில் விழுந்த நாலு வயது மகளை அத்தான்தான் குதித்துத் தூக்கி வந்தார். நானும் கரையில் நின்றேன். நெஞ்சை அமுக்கிப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், "முடிஞ்சிருச்சு" என்றார். யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். என்ன ஒரு நெஞ்சுரம் என்று ஊரே மெச்சியது. நானும் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

"எல்லாரும் புள்ளையப் பாத்துக் கதறுறாக. இவுக ஈரச் சட்டையக் கழட்டிப் பிழிஞ்சு, சுருக்கம் போக உதறி, கொடியில காயப்போட்டாக. காலரக்கூட இழுத்துவிட்டாக. ஆட்டுக்குட்டி செத்ததுக்கு அழுத மனுசன்டா இவுக. எனக்கு அப்பத்தான் திரும்பி வந்தது வேற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு."

அத்தான் மறுக்கவில்லை.

"எம்புள்ளைன்னு தெரியும் மாப்ள. ஆனா அங்க எத்தன பேரத் தூக்குனேன், அதுல ஒண்ணு மாதிரித்தேன் கைக்குத் தெரிஞ்சது. அழுக வரும் வரும்னு பாத்தேன். இன்னைக்கு வரைக்கும் வரல."

கண்ணெதிரே நடந்ததை இத்தனை வருஷம் தப்பாகவே பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அக்கா அடுத்த வத்தலை எடுத்தாள். இந்த மனிதரோடுதான் அவள் வாழ்ந்து வந்திருக்கிறாள்.

இருவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் நாவலைத் திருத்தினேன். ஊருணி, சட்டை, கொடி எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். பதிப்பகத்திலிருந்து பதிப்பாசிரியர் போன் செய்தார்.

"மத்ததெல்லாம் சரி சார். அந்த அப்பாவைத்தான் நம்ப முடியல. பெத்த பிள்ளை செத்துக் கிடக்கும்போது சட்டையைக் காயப்போடுவானா? கொஞ்சம் அழ வையுங்களேன்."

பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த முறை பரளச்சி போனபோது, தயங்கித் தயங்கி அத்தானிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அழ வச்சிரு மாப்ள" என்றார். "கதையிலயாச்சும் அழுதுட்டுப் போறேன்."

பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.