வயிற்றில் கட்டிய கட்டுச்சோறு

நான் இருக்கும் ரப்பர்த் தோட்டத்தில் சோற்றுக்குக் கால் முளைத்தால் குற்றம். மனிதன் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டு முள்கம்பி வேலியைத் தாண்டிப் போகலாம், சோறு போகக்கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்து வெள்ளைக்காரச் சர்க்காரோடு சண்டை போடுகிறவர்களுக்கு யாராவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம். அதனால் அவசரகாலம் முடியும்வரை, எதைத் தின்பதென்றாலும் வேலிக்குள்ளேயே தின்று, வயிற்றில் போட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். மரத்தைக் கீறிப் பால் எடுக்க, இங்கே சொல்வதுபோல் பால்மரம் வெட்ட, போகும் பெண்களின் வாளிகளைக்கூட வாசலில் திறந்து பார்த்துத்தான் விடுகிறார்கள். பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போவதென்றாலும் கட்டுச்சோறு இல்லாமல் படி இறங்காத ஊரிலிருந்து வந்தவன் நான். என் சங்கடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்குப் படிக்க வந்தேன். லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் சித்தப்பா கிராணி. அதாவது ஆபீசில் எழுதுகிற வேலை. அவர் வீட்டில் வந்திறங்கிய நான்காம் நாள் சிரம்பானில் பள்ளிச் சேர்க்கைப் பரீட்சை. தேறினால் பள்ளி, தவறினால் திரும்பும் கப்பல் என்று அப்பா சொல்லியனுப்பியிருந்தார். அம்மா சொன்னது வேறு: "எங்க போனாலும் கட்டுச்சோறு இல்லாமப் போகாதடா." அதற்கென்றே ஒரு ஜாடிப் புளிக்காய்ச்சலும் கொடுத்திருந்தாள். பரீட்சைக்கு முதல்நாள் சித்தியிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் கொண்டுபோவ முடியாதுடா தம்பி. கேட்டுல போலீசு புடிச்சிக்குவான்லா. இங்கயே தின்னுட்டுப் போ."

இந்தச் சட்டமெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு பிடி சோறு கட்டித்தர மனமில்லாமல் போலீசைக் காரணம் காட்டும் சித்தியை அதுவரை நான் எங்கும் கண்டதில்லை. கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு கற்பனையா என்று வியந்தபடியே தூங்கிப்போனேன்.

காலையில் சித்தி குழாயடிக்குப் போன நேரத்தில், வடித்து வைத்திருந்த சோற்றில் புளிக்காய்ச்சலைக் கொட்டிப் பிசைந்தேன். பரீட்சை என்றால் மூளைக்கு வேலை, மூளைக்கு வேலை என்றால் வயிற்றுக்கு இரட்டை வேலை என்று கணக்குப் போட்டதில் பானை காலியாகிவிட்டது. வாழையிலையில் பொட்டலம் கட்டி, சித்தி கண்ணில் படாமலிருக்க வயிற்றோடு வைத்துத் துண்டால் இறுக்கி, மேலே சட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். வெளியே ரப்பர் ஷீட் ஏற்றிய லாரி நின்றது. பரீட்சை நேரத்துக்குள் சிரம்பான் போய்ச் சேர அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

வரிசையில் எனக்கு முன்னால் மண்டோர் முனியாண்டி, பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிறவர். திரும்பிப் பார்த்தார். "என்னா தம்பி, வயித்துல எத்தன மாசம்?" என்றார். குனிந்து பார்த்தேன். சட்டையில் நல்லெண்ணெய் முதலில் ஒரு தீவாக, பிறகு ஒரு கண்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. பூகோளப் பரீட்சைக்கு வேறு படமே வேண்டாம். காவலுக்கு நின்ற மலாய்க்கார யூசோப் என் வயிற்றில் விரலால் ஒரு குத்துக் குத்தினான். விரல் உள்ளே போனது.

"நாசி?" என்றான். சோறா என்று கேட்கிறான். அவனுக்கும் பசி போலும் என்று நினைத்து, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்காமல் தின்னாத நம் வழக்கப்படி, பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினேன். அவன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியைத் தூக்கினான்.

"ஐயையோ, லஞ்சம் குடுக்கிறான்னு நெனைக்கிறான்லா! கையக் கீழ போடு!" என்று மண்டோர் பாய்ந்து வந்தார். அவனோடு மலாயில் நெடுநேரம் மன்றாடிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். "ரெண்டே வழி. ஸ்டேஷனுக்குப் போவணும், இல்லாட்டி அம்புட்டையும் இங்கயே தின்னணும். ஒரு பருக்க வெளிய போவக்கூடாதாம்."

"கொட்டிடவா?"

"கொட்டுனா அள்ளிக் காட்டுக்குக் கொண்டுபோயிடுவாங்களாம். தின்னுலா!"

உட்கார்ந்து தின்றேன். ஏழு கவளம் வரை சொர்க்கம். எட்டாவது தொண்டையில் நின்றுகொண்டு கீழே இடமில்லை என்றது. "எந்தப் பரீச்சைக்கி போவுது? திங்கிற பரீச்சைக்கா?" என்று வரிசையில் ஒருத்தி கேட்க, வாசலே சிரித்தது. லாரிக்காரர் இஞ்சினைக் கிளப்பிவிட்டார். இலையில் இன்னும் பாதி கிடந்தது. கண்முன்னே கப்பல் தெரிந்தது.

அப்போதுதான் காலிப் பானையைப் பார்த்துவிட்டுச் சித்தி ஓடிவந்தாள். இலையைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "நவுருடா" என்று செம்மண்ணிலேயே பக்கத்தில் உட்கார்ந்து அள்ளி அள்ளி வாயில் போட்டாள். ஒருமுறை மட்டும் நிறுத்தினாள். "உப்பு பத்தல. ஒங்கம்மாவுக்கு எப்பவுமே கை இறுக்கம்." கடைசிப் பிடிக்கு அவளுக்கும் முடியவில்லை. "யூசோப்பு, மாரி மக்கான்!" என்று சாப்பிடக் கூப்பிட்டாள். நான் நீட்டினால் லஞ்சம், சித்தி நீட்டினால் பசியாறல்! துப்பாக்கியைத் தூணில் சாய்த்துவிட்டு வந்து தின்றான். கண்ணில் நீர் வழிந்தது, மிளகாய்தான். நான் லாரிக்கு ஓடினேன்.

ஏப்பத்துக்கும் விக்கலுக்கும் நடுவே எழுதினேன். எப்படித் தேறினேன் என்பது எனக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரிந்திருக்காது. அரிசியை இங்கே அளந்துதான் தருகிறார்கள். அன்று மத்தியானம் சித்தப்பா வீட்டில் என்ன வெந்தது என்று யாரும் சொல்லவில்லை. மாலையில் அடுப்பங்கரையில் மரவள்ளிக்கிழங்குத் தோல் குவிந்து கிடந்தது.

'கட்டுச்சோறு எடுத்துப் போகிறாயா?' என்று அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். தினமும் எடுத்துப் போகிறேன் என்றே எழுதுகிறேன். பொய் இல்லை. காலையில் புத்தகப்பை லாரியில் ஏறிவிடுகிறது. வாசலில் சித்தி கடைசி உருண்டையைக் கையில் வைக்கிறாள். என் ஒரு கால் சிரம்பான் சாலையில், மறு கால் வேலிக்குள். வாயில் இருப்பதை விழுங்கும்வரை யூசோப் அந்த மறு காலை எடுக்க விடுவதில்லை.